நகராத சைக்கிளும் என் சத்தமும்

சைக்கிள் வியாபாரத்தில் ஓட்டிப் பார்க்காமல் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். எவ்வளவு ஓட்டினாலும் நின்ற இடத்திலேயே நிற்கிற சாமானை விற்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இந்தத் தொழில் புரிந்தது. வாயை முதலில் அனுப்பிவிட்டு, புத்தியைப் பின்னால் மெதுவாக வரச் சொல்கிற ஆசாமிகள் உங்களிலும் இருப்பார்கள். இது அவர்களுக்குத்தான்.

பஸ் ஸ்டாண்டு

ஆம்பூரில் என் கடை. வெயிலுக்கும் லாரிக்கும் பயந்தவர்கள் கேட்கிறார்கள் என்று வீட்டுக்குள் ஓட்டும் ட்ரெய்னர் ஒன்று வாங்கி வைத்தேன். இரும்புத் தாங்கிதான். நம் சைக்கிளின் பின்சக்கரத்தை அதன் உருளைமேல் உட்கார வைத்து மிதித்தால், போன் ஆப்பில் நம் பொம்மை மலைப்பாதையில் ஓடும். சக்கரத்தையே கழற்றிவிட்டு மாட்டுகிற உசத்தி ரகமும் உண்டு. அதன் விலையைச் சொன்னாலே ஆள் படி இறங்கிவிடுவான்.

ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் அரை மணி நேரம் மிதித்தார். "ஏலகிரி மலை தோத்துச்சு சார்" என்று நானும் அளந்தேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கியவர் சொன்னார்: "இவ்ளோ மிதிச்சும் உங்க கடையிலயேதான் கீறேன். வூட்டுக்குப் போக பஸ்ஸுக்குத்தான் நிக்கணும்."

துண்டுக்கு அடியில்

சைக்கிளுக்கு முன்னால் பதினைந்து வருஷம் பச்சைத்தோல் தரகு பார்த்தவன் நான். பள்ளிக்கூடம் ஏறவில்லை, பட்ட அடிதான் வாத்தியார். அந்த ஒரு ட்ரெய்னர் நன்றாக ஓடியதால், இருபதாக எடுக்கலாம் என்று சென்னைக்குப் போனேன். மொத்த வியாபாரியும் பழைய தோல் ஆள், என் தோஸ்த். பழைய பழக்கம், துண்டைப் போட்டு அதற்கடியில் விரல் பிடித்து விலை பேசினோம். நான் ஒவ்வொரு விரலாக மடக்கி விலையைக் குறைக்க, கடைசியில் சரி என்றார்.

ஒரு பெட்டியைத் தூக்கி எடை பார்த்தேன், தட்டினேன், தடவினேன். பிரிக்கவில்லை. கூட வந்த என் மெக்கானிக் காதர் பாய் வண்டியில் ஏறும்போது முணுமுணுத்தார்: "இவ்ளோ கம்மியா குடுத்துட்டு சிரிக்கிறானே முதலாளி, அவன்."

ஒரு கால் ஊன்றியபடி

அந்தச் சரக்கில் முதல் பெட்டியை வாங்கியவர் வேலூர் நர்ஸ் ஸ்டெல்லா. கூடப் படித்த ஐந்து பேரும் ஐந்து தேசத்தில். எல்லோருக்கும் லீவு கூடிவந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆப்பில் ஆறு பேரும் சேர்ந்து ஓட்டுவதாகப் பேச்சு. "ஆப்ல ஓடுமாண்ணே?" என்று மூன்று தடவை கேட்டார். "கண்ண மூடிக்கினு எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

திங்கட்கிழமை வந்தார். கடை நிறைய ஆள். "ஓடலைண்ணே" என்றதும் எனக்கு ஏறிவிட்டது. "மிதிச்சாத்தானே ஓடும்? மிதிக்கத் தெரியாதவங்க வாங்கிக்கினு போயி சாமானைக் குத்தம் சொன்னா நான் இன்னா பண்றது?" என்று தெரு முனை வரை கேட்கக் கத்தினேன். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு குஷி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவர் குரலை உயர்த்தவில்லை: "ஒரு மணி நேரம் மிதிச்சேண்ணே. அவங்க அஞ்சு பேரும் போய்ட்டாங்க. ஸ்க்ரீன்ல நான் மட்டும் ஒரு கால் ஊனிக்கினு அப்படியே நின்னேன்."

கட்டின் நடுவே

அவர் போனதும் காதர் பாய் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தார். பஞ்சு அட்டையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி. காலி. சக்கரம் சுற்றுவதைப் போனுக்குச் சொல்கிற சென்சார் இருக்க வேண்டிய இடம் அது. இல்லாவிட்டால் பொம்மைக்கு நாம் மிதிப்பதே தெரியாது. பாக்கி பெட்டிகளிலும் குழிதான் இருந்தது.

சென்னை தோஸ்துக்குப் போன் போட்டுக் கிழித்தேன். மறுமுனை நிதானமாகக் கேட்டது: "நீ மடக்குன விரலுக்கு வேற இன்னாத்த எடுக்கறது? விலைய அடிச்சா கட்டு நடுவுல ஓட்டைத் தோலைச் செருகணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானே தோஸ்த்?"

கேட்ட விலை

சென்சார்களைச் சொன்ன விலைக்கே வாங்கினேன். வேலூருக்குப் போய், ஸ்டெல்லாவின் சைக்கிள் சக்கரத்தில் ஒன்றை மாட்டினேன். அவர் மிதித்தார். பொம்மை ஊன்றிய காலை எடுத்துக் கிளம்பியது. ரோட்டில் வேறு யாரும் இல்லை. மறுபடி ஆறு பேருக்கும் எப்போது லீவு கூடும் என்று கேட்டேன், தெரியாது என்றார்.

முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறேன், சாமானும் உங்களுக்கே என்றேன். மிதிப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "அந்த ஞாயித்துக்கிழமைய உங்களால குடுக்க முடியாது இல்ல? அப்ப ஒண்ணு பண்ணுங்க. அன்னிக்கு எவ்ளோ சத்தமா கத்துனீங்களோ, அதே சத்தத்துல, அதே கடையில, தப்பு என்னுதுன்னு சொல்லுங்க. நான் வந்து நிக்கறேன்."

வந்து நின்றார், சொன்னேன். பார்த்த பொருளையெல்லாம் பாதி விலைக்குக் கேட்ட எனக்கு, அந்தச் சத்தத்தில் மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.