மடங்கிய கட்டைவிரல்

காலைச் சாப்பாட்டின்போது என் கணவரின் வலது கையிலிருந்து இட்லி நழுவியது. "இன்னாங்க, அவ்ளோ மோசமாவா இருக்குது?" என்று கிண்டல் செய்தேன். பதில் சொல்ல வாய் திறந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்படுவது). வலது பக்கம் செயலிழந்தது. கூடவே பேச்சிழப்பு (கேட்பது புரியும், சொல் வராது). "அவருக்கு எல்லாம் புரியுதும்மா" என்றார் டாக்டர்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. டவுன் பஸ் கண்டக்டராக நின்றே சம்பாதித்து, செவிலிமேட்டில் வீடு கட்டினார். உயில் என்றாலே பேச்சை மாற்றுவார். எழுதினால் எமன் மோப்பம் பிடித்து வந்துவிடுவான் என்று பயம். எழுதாமலும் வந்தான்.

வார்டுக்கு மாற்றிய மறுநாள் டீ வாங்கிக்கொண்டு திரும்பினேன். தென்னேரியிலிருந்து வந்திருந்த குமார், என் கணவரின் இறந்துபோன அண்ணனுடைய ஒரே மகன், கட்டில்மேல் முழங்காலை ஊன்றியிருந்தான். பக்கத்தில் பத்திரம், மைப்பெட்டி. ஆண்களுக்கு இடது கைநாட்டுதானே என்று உயிருள்ள கையைப் பிடித்திருந்தான். இவர் கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் இறுக மூடியிருந்தார். குமார் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். சுண்டுவிரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

கொதிக்கும் டீயை அவன் முகத்தில் வீசினேன். மணிக்கட்டைக் கடித்தேன், வாயெல்லாம் ரத்தம். அவன் என் கூந்தலைப் பிடித்துக் கட்டில் கம்பியில் மோதினான்.

"கொள்ளி வெக்கப் போறவன் நான்தான் சித்தி! வீடு எனக்குத்தான்!"

"உயிரோட கீறவருக்கு எதுக்குடா கொள்ளி?"

நர்ஸ்கள் ஓடிவந்து அவனை இழுத்தார்கள். என் நெற்றியில் தையல், அவர் விரலில் கட்டு. அவனைக் கொன்றுவிட வேண்டும் என்று வெறி வந்தது. இன்றும் முழுதாகப் போகவில்லை.

வீடு திரும்பியதும் வக்கீல் அம்மாவை வரவழைத்தேன். "அவர் மட்டும் எழுதுனா பத்தாதும்மா. வீடு உங்களுக்கு வந்து, நீங்க எழுதாம போயிட்டா, திரும்ப அவர் வழி சொந்தத்துக்குத்தான் போகும்" என்றார். அதாவது குமாருக்கு. எங்களைப் போல் குழந்தை இல்லாதவர்களே, கணவன் மனைவி இரண்டு பேரும் உயில் எழுதுங்கள். எங்களுக்குப் பிறகு வீடு என் தங்கை மகளுக்கு. அவர் தெளிவாக இருந்தார் என்று சொல்ல டாக்டரையே ஒரு சாட்சியாக வைத்தோம்.

உயிலை வாசித்தபோது தலையாட்டியவர், மைப்பெட்டியைப் பார்த்ததும் கையை மூடிக்கொண்டார். வக்கீல் உதவப் போனார், தடுத்தேன்.

"யாரும் தொட மாட்டோம். நீங்களா தொறந்தா போதும்."

காத்திருந்தோம். கோணிப்போன சுண்டுவிரல்தான் முதலில் எழுந்தது. பிறகு தானே மையைத் தொட்டு, அழுத்தி வைத்தார். நான் கதறி அழுதேன்.

இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். பாதிப் பேச்சு வருகிறது. தூக்கத்தில் மட்டும் கட்டைவிரல் உள்ளே போய்விடுகிறது. ஒரு காலையில் விழித்தபோது என் கையும் அப்படியே மூடியிருந்தது.

சுமங்கலியாகப் போக வேண்டும் என்று வரதராஜப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தவள் நான். அந்த வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவருக்குப் பின்னால் ஒரே ஒரு நாள் இருந்தால் போதும். கொள்ளியை நான் வைக்க வேண்டும்.