சவரியக்காவின் ஒரு நிமிஷம்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப் பேரவை ஒரு பெண்ணின் வாயை அடைத்தது. பேரவை என்றால் பன்னிரண்டு பேர். அதில் ஒருவர்கூட எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் குடியிருப்பவர் இல்லை. தீர்மானத்தை எழுதியது நான். செயலாளன் என்ற முறையில், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன்.

அந்தப் பெண் சவரியம்மாள். ஏற்காட்டை ஒட்டிய எஸ்டேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் காப்பிப் பழம் பறித்தவர். ஞாயிறு பூசைக்கு எங்கள் கோயிலில் இடதுபக்கம், மூன்றாவது தூணுக்குக் கீழே தரையில் உட்காருவார். அவர் இறந்த செய்தி எனக்குச் சேலம் பஸ் நிலையத்தில், ஒரு ஞாயிறு காலை, ஏற்காடு பஸ்ஸின் படியில் கிடைத்தது. சொன்னவர் கண்டக்டர்.

“தம்பி, விசயம் தெரியுமுங்களா? உங்க சவரியக்கா போயிருச்சுங்க. நேத்து சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துச்சாம். அவ்வளவுதான்.”

அவரே தொடர்ந்தார். “இனிமே வண்டி மலையேறுறப்ப எனக்கு யாருங்க ஜெபம் எடுத்துக் குடுப்பாங்க?”

அக்காவோடு பஸ்ஸில் வந்தவர்களுக்கு இது விளங்கும். முதல் கொண்டை ஊசி வளைவில் அவர் ஜெபமாலையைக் கையில் எடுப்பார். இருபதாவது வளைவில்தான் வைப்பார். ஒவ்வொரு மணிக்கும் முன்பாதியை அவர் சொல்வார், பின்பாதியை பஸ் சொல்ல வேண்டும். வேதக்காரரா, இந்துவா, வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவரா என்ற கணக்கெல்லாம் அவரிடம் கிடையாது. கண்டக்டர் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவர். டிக்கெட் கிழித்துக்கொண்டே பின்பாதியைப் பிசகாமல் சொல்வார். முன்பாதி அவருக்கு இன்றுவரை தெரியாது.

“ஒரு ஆளு மொதல்ல சொல்லணும், மத்தவங்க அதுக்குப் பதில் சொல்லணும். அதுக்குப் பேருதான் கூட்டம் கண்ணு. மத்ததெல்லாம் சந்தை” என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

எங்கள் கோயிலை அறியாதவர்களுக்கு ஒரு விவரம். முன்னால் ஆறு வரிசை பெஞ்சு. அதில் எஸ்டேட் முதலாளிகள், அரசாங்க உத்தியோகஸ்தர்கள், கான்வென்ட் சிஸ்டர்கள். அதற்குப் பின்னால் தரை. தரையில் லைன் வீட்டு ஜனங்கள். இன்னார் இங்கே உட்கார வேண்டும் என்று யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. தேவைப்படவில்லை.

எண்பதுகளின் நடுவில் புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். பிரசங்கம் முடிந்து, வாசகர் பொது மன்றாட்டுகளை வாசித்ததும், “இனி அவரவர் தேவைகளை மௌனமாக ஆண்டவரிடம் எடுத்துரைப்போம்” என்பார். ஒரு நிமிஷம் கோயில் அமைதியாக இருக்கும். பிறகு காணிக்கைப் பாட்டு. முதல் வாரம் அந்த அமைதியில் இருமல் கேட்டது. இரண்டாவது வாரம் சவரியக்காவின் குரல் கேட்டது.

“எங்க பக்கத்து ஊட்டு எலிசபெத்து ஊட்டுக்காரனுக்கு, சனிக்கெழம சாராயக் கடைப் பக்கம் போறப்ப மட்டும் காலு சுளுக்கிக்கோணுமின்னு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.”

கடைசி மூன்று வார்த்தைகளை வாசகர் சொல்லும் அதே ராகத்தில் சொன்னார். அந்த ராகம் காதில் விழுந்தால் எங்கள் ஜனம் யோசிப்பதில்லை. கோயில் முழுவதும் ஒரே குரலில், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. எலிசபெத்தின் புருஷனும் சொன்னான். சொன்ன பிறகுதான் தன் காலைப் பார்த்தான்.

பூசை முடிந்ததும் சாமியார் அவரை வாசலில் நிறுத்தினார். நான் பக்கத்தில் நின்றேன்.

“அம்மா, மௌனமாக என்றுதானே சொன்னேன்?”

“ஏனுங்க சாமி, மனசுக்குள்ளயே சொன்னா முன்னாடி பெஞ்சுக்கு எப்பிடிங்க கேக்கும்?”

“ஆண்டவருக்குக் கேட்டால் போதாதா?”

“ஆண்டவருக்கு நாம சொல்லாமயே தெரியுமுங்க சாமி. தெரியாதவிய இங்க நொம்பப் பேரு இருக்கறாங்க.”

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர். சிரித்தால் கண்டிக்க முடியாது என்ற பலவீனம் மட்டும் உண்டு. அடுத்த வாரமும் ஒரு நிமிஷம் விட்டார். அக்காவும் அதை வீணாக்கவில்லை.

அதன்பின் இரண்டு வருடம் எங்கள் கோயிலில் பின்வரிசைகூட நிறைந்திருந்தது. பாடற்குழுவில் மூக்கால் பாடும் பெரியவருக்குச் சளி தீர வேண்டும் என்று மன்றாடினார். லைன் வீட்டுக் கூரைத் தகரத்தில் இருந்த ஓட்டைகளை வீடு வீடாகச் சொல்லி மன்றாடினார். சாமியாரையும் விடவில்லை. ஒரு ஞாயிறு பிரசங்கம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டியது. “சந்தையில நல்ல கருவாடெல்லாம் தீந்து போறதுக்குள்ள பிரசங்கத்தை முடிக்கற வரத்தை எங்க சாமியாருக்குத் தரணுமின்னு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.” பீடத்தில் நின்ற சாமியாரே கண்களை மூடியபடி பதில் சொன்னார். அடுத்த வாரம் பிரசங்கம் பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது.

இதுவரை எல்லோருக்கும் வேடிக்கைதான். முதலாளிகளும் சிரித்தார்கள். மன்றாட்டு முதல் பெஞ்சுக்கு வராதவரை சிரிப்பதில் அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை.

அக்கா வேலை பார்த்த எஸ்டேட்டின் முதலாளி முதல் பெஞ்சில் வலது ஓரம் உட்காருவார். லைன் வீடுகளிலிருந்து கோயிலுக்கு அவருடைய பங்களாத் தோட்டம் வழியாக வந்தால் பதினைந்து நிமிஷம். சுற்றுப் பாதையில் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். வேலைக்கு வரும் ஆறு நாளும் பங்களாக் கேட் திறந்திருக்கும். ஞாயிறு மட்டும் பூட்டு. விருந்தாளிகள் வருகிற நாளில் சாக்கும் கூடையுமாக ஜனங்கள் ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே போனால் நன்றாக இராதாம். ஆகவே லைன் ஜனங்கள் சுற்றி வந்தார்கள், தாமதமாக வந்தார்கள். தாமதமாக வந்ததற்காக அறிவிப்பு நேரத்தில் திட்டும் வாங்கினார்கள். திட்டுகிற சாமியாருக்குக் கேட் விவரம் தெரியாது. முதலாளிக்குத் தெரியும். அவரும் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு மழைக்கால ஞாயிறு, பெண்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சேலையில் தண்ணீர் சொட்ட, பிரசங்கத்தின் நடுவில் வந்து சேர்ந்தார்கள். அந்த நிமிஷம் வந்தது. அக்கா உட்கார்ந்தபடியே ஆரம்பித்தார்.

“எங்க மொதலாளி ஐயா நொம்ப நல்லவருங்க ஆண்டவரே. ஆறு நாளும் அவரு வேலைக்கு நாங்க வர்றதுக்குக் கேட்டைத் தொறந்து வெக்கறாரு. ஏழாம் நாளு உம்ம ஊட்டுக்கு வர்றப்பத்தான் மறந்தாப்பல பூட்டிப்போடறாரு. வயசாகுதில்லீங்களா. அவருக்கு ஞாபக சக்தியைத் தரணுமின்னு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.”

முதலாளிக்கு ஒரு பழக்கம். எந்தப் பதிலையும் கோயிலிலேயே மிக உரக்க, மற்றவர்களைவிட அரை நொடி முந்திச் சொல்வார். அன்றும் முந்தினார். “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக்” வரை கம்பீரமாக வந்தது. அங்கேதான் அவருக்கு உறைத்தது. ஆனால் பின்னால் முந்நூறு பேர் அவரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். “கேட்டருளும்” என்று அவரும் முடித்தே ஆகவேண்டியிருந்தது. அவர் மனைவி அவர் பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். கான்வென்ட் சிஸ்டர் ஒருவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கேட் திறந்திருந்தது. காவல்காரர் ஓரமாக நின்று, “போங்க, போங்க, ரோசாவை மட்டும் தொடாதீங்க” என்று வழிவிட்டார். லைன் ஜனங்கள் பூசைக்கு இருபது நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மாதமே பேரவை கூடியது. பொருள்: வழிபாட்டில் ஒழுங்கு. முதலாளி வாயே திறக்கவில்லை. அவருக்காகப் பேச ஒன்பது பேர் இருந்தார்கள். “கோயிலை யூனியன் ஆபீஸ் ஆக்கிவிட்டார்கள்” என்றார் ஒருவர். பெரிய வெள்ளிக்கு மைக் செட் உபயம் யாருடையது என்று நினைவுபடுத்தினார் இன்னொருவர். சாமியார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவாக, மௌன நேரம் ரத்து. பொது மன்றாட்டு முடிந்ததும் உடனே காணிக்கைப் பாட்டு. சொந்த மன்றாட்டு வைக்க விரும்புவோர் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் சாமியாரிடம் ஒப்புதல் பெற்று, வாசகரிடம் தர வேண்டும்.

ஒருத்தி பேசுவதைத் தடுக்க மௌனத்தைத் தடை செய்த பங்கு உலகத்தில் வேறு உண்டா என்று தெரியவில்லை. நாங்கள் செய்தோம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணிடம் எழுதிக் கொடு என்றோம்.

மறுநாள் அக்கா என்னைக் கடைத்தெருவில் பிடித்தார். “நீ எழுதின தாளை எனக்குப் படிச்சுக் காட்டு கண்ணு.” நின்ற இடத்திலேயே ஞாபகத்திலிருந்து சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

“எழுத்து அழகா வந்துச்சா?”

“வந்துச்சுங்க அக்கா.”

“அப்பச் செரி. தப்பைக் கோணலா எழுதாம இருக்கத்தான் உன்னயக் காலேஜுக்கு அனுப்பிச்சாங்களாட்ட இருக்குது.”

திட்டிவிட்டு எனக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ளவும் செய்தேன்.

மூன்றாவது வாரம் கேட் மறுபடி பூட்டப்பட்டது. அக்கா பேரவையின் விதிப்படியே வந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கேட், பூட்டு, மழை, முட்டிவலிக்காரக் கிழவிகள், எல்லாம் இருந்தது. சாமியார் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “கொஞ்சம் பொதுவா மாத்திக்கலாமே தம்பி” என்றார். மாற்றினேன். அப்போது வாசகனும் நான்தான். ஞாயிறு நானே மைக்கில் வாசித்தேன்: “எஸ்டேட் தொழிலாளர் அனைவரும் ஆன்ம நலனில் வளர, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.” எல்லோரும் நிம்மதியாகப் பதில் சொன்னார்கள். மூன்றாவது தூணுக்குக் கீழே ஒரு வாய் மட்டும் அசையவில்லை.

வாசலில் காத்திருந்தார். “நான் காலுக்கு வழி கேக்கச் சொன்னேன். நீ ஆன்மாவுக்குக் கேட்டுட்ட. ஆன்மாவுக்கு என்ன கண்ணு, அது செவுத்து மேலயே ஏறிப் போயிரும். காலுக்குத்தான் கேட்டைத் தொறக்கோணும்.”

அதன்பின் அவர் எழுதச் சொல்லி வரவில்லை. கோயிலுக்கு வருவதை நிறுத்தவும் இல்லை. நாலு வருடம், ஒவ்வொரு ஞாயிறும் கடைசி மன்றாட்டு முடிந்ததும் அவர் நிமிர்ந்து உட்காருவதை வாசக மேடையிலிருந்து பார்த்தேன். வாய் திறக்கும். ஹார்மோனியம் முந்திக்கொள்ளும். வாய் மூடிக்கொள்ளும். பாடற்குழு அந்த இடத்தில் வேகமாகத் தொடங்கப் பழகியிருந்தது.

செய்தி கேட்ட ஞாயிறு அதே பஸ்ஸில் மலையேறி லைன் வீட்டுக்குப் போனேன். அடக்கப் பூசை மூன்று மணிக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பங்களாக் கேட்டுக்குப் போனோம். ஞாயிறல்லவா, பூட்டியிருந்தது. காவல்காரர் கையைப் பிசைந்தார். “சாவி ஐயாகிட்டங்க. ஐயா விருந்தாளிகளோட சாப்பாட்டுல இருக்கறாரு. எனக்கென்னங்க தெரியும், அக்கா இன்னிக்குன்னு…” பாதியில் நிறுத்தி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நாங்கள் சுற்றுப் பாதையில் நடந்தோம். மேட்டில் நாலு முறை தோள் மாற்றினோம்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. சாமியார் பூசை உடையில் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்கு முன்னால் வந்த எலிசபெத்து அவரைக் கும்பிட்டார்.

“கோவிச்சுக்காதீங்க சாமி. அக்கா நேரத்துக்குத்தான் கெளம்புச்சு.”

சாமியார் கடிகாரத்தை அங்கிக்குள் தள்ளிக்கொண்டார். பிரசங்கம் மிகச் சிறியதாக இருந்தது.

சவரியக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். பொதுவாகப் பேச வராமல் போய்விட்டது. மேடையில் யாராவது “ஏழை எளியோர் நலன்” என்றால், எந்த ஏழை, எந்த வீடு, எந்தப் பூட்டு என்று கேட்க நாக்கு துறுதுறுக்கிறது. பேரவையில் இதனால் எனக்கு நல்ல பெயர் இல்லை.

போன வாரம் பேரவை கூடியது. அக்காவின் நினைவாக ஏதாவது செய்யவேண்டும் என்று முதலாளியே எழுந்து சொன்னார். தேக்கில் ஒரு பெஞ்சு, அதில் அவர் பெயர். ஏழாவது வரிசையில் போடலாமாம். எல்லோரும் கை தட்டினார்கள்.

“அக்கா ஒருநாளும் பெஞ்சில் உட்கார்ந்ததில்லைங்க” என்றேன்.

“அதனாலதான தம்பி போடறோம்” என்றார் முதலாளி. மனதாரத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

பெஞ்சு வேண்டாம் என்றேன். ரத்து செய்த நிமிஷத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். தீர்மானத்தை நான்தான் எழுதினேன், நானே அடித்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அடுத்த பொருளுக்குப் போனார்: திருவிழாப் பந்தலுக்குக் கீற்றா, தகரமா. அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

எனவே, பேரவையாரே, இங்கே, எழுத்தில், விதிப்படி கேட்கிறேன். லைன் வீடுகளில் இன்னும் நாற்பது பெண்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது. வருகிற ஞாயிறு, கடைசி மன்றாட்டுக்குப் பிறகு, ஒரே ஒரு நிமிஷம் அந்த ஹார்மோனியத்தை மூடி வைப்பீர்களா, மாட்டீர்களா?