பூசின வரப்பு

பயணக்கட்டுரை எழுதுகிறவனுக்கு ஊர் சுற்றுவதுதான் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி வேலை, படத்துக்குள் நிற்கிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வது. பத்மநாபபுரம் அரண்மனையிலும் வட்டக்கோட்டை மதில்மேலும் இருபது வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொட்டாரம் பக்கத்தில் என் அக்கா வீட்டு வயலைப் படமெடுத்தபோதும் சொன்னேன். நடவுக்காக அத்தான் வரப்பை வெட்டி, புதிதாகச் சேறு பூசி, வயலில் தண்ணீர் நிறுத்தியிருந்தார். ஈரம் காயாத வரப்பு வெயிலில் மினுங்கியது, பின்னால் மலை.

"அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல விழுதீங்க."

மண்வெட்டியோடு விலகிக்கொண்டார்.

'இந்த வரப்பின்மேல் ஏறி நின்றால் மலை முழுதாகத் தெரியும்' என்று எழுதி, வரும் வழியையும் கொடுத்தேன். பூசின வரப்பில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். வாக்கியம் அழகாக அமைந்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு மட்டும் மறந்துபோனது.

கட்டுரை மறுநாளே இணையத்தில் வந்தது. அதற்கடுத்த நாள் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து வரிசையாக ஏறி நின்றார்கள். வரப்பு உடைந்து தண்ணீர் முழுக்க ஓடைக்குப் போய்விட்டது. கால்வாயில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். அத்தானின் முறைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. நாற்றைப் பிடுங்கிக் கட்டி வைத்தாயிற்று, அதுவரை தாங்காது.

"நீரு வயக்காட்டுல வளந்த ஆளுதானவே?" என்றார் அத்தான். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. வெட்கத்தில் அக்கா கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்க முடியவில்லை.

பத்திரிகைக்குப் போன் செய்து அந்த வரியை எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள். படம் அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. மேல்வயல்காரர் வீட்டுக்குப் போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மறுநாளைய அவர் முறையைக் கேட்டு வாங்கினேன்.

காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தானோடு உடைப்பை அடைத்துச் சேறு பூசினேன். வயலில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. ரோட்டில் ஒரு கார் நின்றது. இறங்கிய பெண் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஃபோட்டோல விழறீங்க."

இரண்டு நாளில் முதல் தடவையாக அத்தான் சிரித்தார். "சொல்லுதால்லா, தள்ளி நில்லும்வே மாப்பிள."

வரப்பில் கால் படாமல், முழங்கால் சேற்றில் இறங்கித் தள்ளி நின்றேன்.