சீனாவில் பெரட்டு

நவீன சீன வரலாறு படிக்கிறேன் என்று சொன்னால் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இரண்டே கேள்விகள்தான் வரும். சைனாவுக்குப் போகப் போகிறாயா? இல்லை, நூடுல்ஸ் கடை வைக்கப் போகிறாயா? இரண்டும் இல்லை என்றால், பெற்றவள் பாவம் என்பதுபோல ஒரு பார்வை. இங்கிலாந்து ராஜாக்களைப் படிப்பவர்களை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. எனக்குப் பிடித்திருந்தது, படித்தேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

எங்கள் வீடு தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து லயத்தில் இருக்கிறது. ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளின் வரிசைதான் லயம். அம்மாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. சுற்றியுள்ளவர்களுக்கு இன்றும் நாங்கள் சிலோன்காரர்கள்தான். தேநீரைத் தேத்தண்ணி என்போம். விடிந்ததும் தோட்டத்துக் களத்தில் ஆட்களை நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலையில் வேலை என்று மேஸ்திரி பிரித்துவிடுவார். அதற்குப் பெயர் பெரட்டு. பிந்திப் போனால் வேலை கிடையாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மலையிறங்கிப் போய்ப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தேன். ஊரே சேர்ந்து உழைத்த சீனக் கம்யூன்களில் பெண்களின் வேலையைப் பற்றி ஆய்வேடு. ஒரே வயல், ஒரே வேலை. கூலிக்குப் பதிலாகப் போட்ட வேலைப் புள்ளியில் ஆணுக்குக் கூடுதல், பெண்ணுக்குக் குறைவு. நூலகத்தில் அதைப் படித்தபோது, இது எங்கள் தோட்டமல்லவா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அந்த வேகத்தில்தான் அத்தியாயத்தை எழுதி வகுப்பில் வாசித்தேன்: “மணி அடித்ததும் பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடினார்கள்.”

சத்தியமாக, அது எங்கள் ஆட்கள் மட்டும் சொல்லும் சொல் என்று எனக்குத் தெரியாது. தமிழ்நாடு முழுக்கப் பெரட்டு உண்டு என்றே நினைத்திருந்தேன்.

“ஏலே, சைனாவுல வெள்ளனே பெரட்டலாம்லே! சிக்கனா, மட்டனா?” என்றான் பின்பெஞ்சில் ஒருவன்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மலைக்குக் கீழே பெரட்டல் என்றால் மசாலா போட்டு வதக்கிய கறி. என் முகமெல்லாம் எரிந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் கெட்டவரில்லை. சிரிப்பு அடங்கியதும் மெதுவாகத்தான் சொன்னார். “காலை ஒன்றுகூடல்னு மாத்திரும்மா. அந்த வார்த்தை இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாது.” அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு இல்லை. ஆய்வேடு இல்லாமல் பட்டமும் இல்லை.

“ஒன்றுகூடல்னா பழைய மாணவர்கள் பிரியாணி சாப்பிடக் கூடுறது சார்” என்றேன். அவர் அதை ரசிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஜீப்பில் இடிபட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா என் பக்கம் நிற்பாள் என்று நம்பியிருந்தேன்.

“அந்தப் பேச்செல்லாம் லயத்தோட கெடக்கட்டும் புள்ள. படிச்சவங்க முன்னாடி அதைப் போய்ச் சொல்லலாமா? மாத்திக் குடுத்துட்டு வெரசாப் பாஸாகி வா” என்றாள்.

“நீயுமா இப்படிச் சொல்ற?”

“நான் பஸ்ல வாயைத் தொறந்தாலே சிலோன்காரியாங்கிறாங்க. அது உனக்கு வேணாம்.”

எனக்கு உண்மையான கோபம் அப்போதுதான் வந்தது. பின்பெஞ்சுக்காரன் மேல் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அம்மா தினமும் அந்தக் களத்தில் நிற்கிறாள், பெயர் கூப்பிட்டதும் கை தூக்குகிறாள். ஆனால் அதன் பெயரை வெளியே சொல்லக் கூசுகிறாள். எத்தனை பேர் சிரித்துச் சிரித்து அவளுக்குள் ஏற்றிவிட்ட கூச்சம் அது! பட்டம் போனாலும் போகட்டும், அந்தச் சொல்லை எடுப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் அறைக்குப் போனேன்.

“சார், பக்கத்துக்குப் பக்கம் கம்யூன்னு எழுதியிருக்கேன். அது பிரெஞ்சுக்காரங்க வார்த்தை. யாரும் சிரிக்கலை. பெரட்டும் வெள்ளைக்காரன் சொன்ன பரேடுதான். எங்க ஆளுங்க பேசிப் பேசிப் பெரட்டாச்சு. நீங்க சொன்னா கலைச்சொல், கூலிக்காரி சொன்னா கேலியா?”

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது எனக்கு.

அவர் அத்தியாயத்தை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு, “சரி, இருக்கட்டும். ஆனா வட்டார வழக்குன்னு அடிக்குறிப்பு போட்டுரு” என்றார்.

அடிக்குறிப்பு போட்டேன். பெரட்டு: விடியலில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துவிடும் கூட்டம். மொழி: தமிழ்.

அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பேனாவை அழுத்தித்தான் கையெழுத்துப் போட்டார்.

பட்டம் வந்த பிறகு ஆய்வேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அம்மா விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அந்தச் சொல் வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது. அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

“இதைப் போட விட்டாங்களா?”

“அவங்க யாரும்மா விட? நான் போட்டேன்.”