செங்கல் நிறம்

கல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் ஃபிளாட்டில் காலைக் காபிக்கு முன்னால் ஸ்டவ்வில் ஏறியது என் கணவரின் சிறுநீர்தான். சர்க்கரைக்காரர், தினமும் இன்சுலின் ஊசி வேறு. சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, சோதனைக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் கொதிக்கவைப்பார். நீலமாகவே நின்றால் அன்றைக்கு இரண்டு இட்லி. பச்சை என்றால் ஒன்று. செங்கல் நிறம் வந்தால் வெறும் மோர். துறைமுக ஆபீஸில் நாலு பேரை அதட்டி வேலை வாங்கிய மனுஷன், இந்தக் குழாய்க்கு மட்டும் கைகட்டி நின்றார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் செங்கல் நிறம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் சாதத்தைக் குறைத்தார். போகவில்லை. இன்னும் குறைத்தார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. பத்தியம் என்றால் இப்படி இருக்கணும் என்று ஆபீஸில் மெச்சினார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருமலும் சேர்ந்துகொண்டது; கேட்டால் கரிப்புகை என்றார். கல்கத்தாவில் குளிர்காலத்தில் யார்தான் இருமவில்லை? சாயங்காலக் காய்ச்சல் விடாமல் வந்தபோதுதான் பயந்து, இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தேன். டி.பி.

நெஞ்சு டாக்டர் முட்டை, பால், வயிறு நிறையச் சோறு என்றார். இவர் வீட்டுக்கு வந்து அரை இட்லியைப் பிட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கரியாஹாட்டில் இருந்த சர்க்கரை டாக்டரின் சேம்பருக்கு எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு, இவரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். நெஞ்சில் இருக்கும் நோய்தான் சர்க்கரையை ஏற்றுகிறது, ஏறிய சர்க்கரை அந்த நோயை வளர்க்கிறது, பட்டினி கிடந்தால் இரண்டும் அடங்காது என்றார் அவர். சாப்பிடட்டும், இன்சுலினைக் கூட்டுகிறேன் என்றார்.

கூட்டுகிறேன் என்றதுதான் வினை. இவருடைய அப்பாவுக்கு அப்படித்தான் கூட்டிக் கூட்டி, கடைசியில் காலை எடுத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் தட்டைத் தள்ளினார். "வேண்டாம். சிவப்பு ஏறும். அப்புறம் ஊசி ஏறும். அப்புறம் கால்."

எனக்கு வந்ததே கோபம்! "கால் போனா போகட்டுங்க. நான் தாங்கிப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போறேன். மூச்சு போயிட்டா நான் எதைப் பிடிக்கிறது?" கத்திவிட்டு, நின்ற இடத்திலேயே அழுதேன். எதிர் ஃபிளாட் வங்காளி மாசிமா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டுமே!

அவர் நிமிரவில்லை. தட்டை இழுத்துச் சாம்பார் சாதத்தைப் பிசைந்தார். நடுவில் இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி பிசைந்தார். தட்டு காலியானதும் எடுக்கப் போனேன். விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ரசத்துக்குச் சாதம் போடு" என்றார்.