அண்ணன் முகத்தில் தம்பி கண்

போட்டோக்காரருக்குக் கடை என்று ஒன்று கிடையாது. ஒரு மொபெட், ஒரு கேமரா, ஒரு மடக்கு ஸ்டாண்டு, அந்த ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார ஓர் அண்ணன், இவ்வளவுதான் கடை. ஊர் ஊராகப் போவார். மாட்டையும் அதை வளர்ப்பவரையும் சேர்த்து, மாட்டின் காதில் மாட்டியிருக்கும் வில்லை தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்சூரன்ஸ்காரர் மாடே இல்லை என்று சாதிப்பார். மழையில் அழுகின பயிருக்கு நடுவே ஆளை நிறுத்தி எடுக்க வேண்டும். அதற்கும் சில மகானுபாவர்கள் தலையைப் படிய வாரிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய வந்து நிற்பார்கள்.

"ஐயா, இது நஷ்டத்துக்கு எடுக்கிற போட்டோ. கொஞ்சம் சிரிக்காம நில்லுங்க!" என்று இவர் கெஞ்ச வேண்டியிருக்கும்.

அண்ணனை வீட்டில் பெரியவன் என்பார்கள். உடம்பு நாற்பதைத் தாண்டியிருந்தது, மனசு மட்டும் பள்ளிக்கூடத்து வயசிலேயே நின்றுவிட்டது. மிரளுகிற மாட்டை அவன் ஒரு தட்டு தட்டினால் பசு மாதிரி நிற்கும், அது காளையாக இருந்தாலும். மாடுகளுக்கு அவனைப் பிடித்திருந்தது. மனிதர்களைப் பற்றி அப்படி அடித்துச் சொல்ல முடியாது. பஸ் என்றால் அவனுக்கு உயிர். பயம் கேமரா ஒன்றுக்குத்தான். யார் எடுத்தாலும், வெளிச்சம் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், கேமரா தன் பக்கம் திரும்பினால் போதும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி மூஞ்சி முழுக்கச் சுருங்கிவிடும்.

கூட்டமாக எடுக்கும் படத்தில் யாராவது ஒரு புண்ணியவான் கண்ணை மூடியே தீருவார். போட்டோக்காரரிடம் அதற்கு வைத்தியம் உண்டு. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அதே ஆளின் வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டிவிடுவார். அதுவும் கிடைக்காவிட்டால் கூடப்பிறந்தவர் கண், பங்காளி கண். கூடவே சுருக்கத்தைத் தேய்த்து, கரும்புள்ளியை அழித்துக் கொடுப்பார். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அவரவர் வீட்டுச் சுவரில் அடுத்தவர் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கை கல்யாணப் படத்தில் பெரியவன் முகத்துக்குத் தன் கண்ணையே எடுத்து வைத்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அம்மா அதைப் பெரிதாகப் போடச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

நகரத்து பஸ் நிலையத்தில்தான் பெரியவன் தொலைந்தான். போட்டோ காகிதம் வாங்கப் போயிருந்தார்கள். கடையில் கூட்டம் நெரியும் என்று, "அண்ணே, பையைப் பாத்துக்க. இங்கயே இரு" என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது பை இருந்தது. எந்த பஸ்ஸில் ஏறினானோ, எங்கே இறங்கினானோ, கேட்ட கண்டக்டர்கள் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

சுவரொட்டி அடிக்க அம்மா கல்யாணப் படத்தைத்தான் எடுத்து நீட்டினாள். "இதுல ஒண்ணுலதான்டா புள்ள கண்ணத் தொறந்திருக்கான்."

போட்டோக்காரருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் மூக்கு அவனுடையது, காது அவனுடையது, கண்ணில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தார். அந்த நினைப்பைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

கட்டுக் கட்டாக அடித்துக்கொண்டு, போகாத ஊரெல்லாம் போனார். சந்தையில் ஒட்டினார், ரயில் நிலையத்தில் ஒட்டினார், பால் ஊற்றுகிற இடத்தில் ஒட்டினார். போன வழியில் கேமராவைத் தொடவே இல்லை. வாய்க்காலில் எருமை கழுவுகிறவரையும், களத்தில் தானியம் தூற்றுகிற பெண்களையும் முன்பெல்லாம் வண்டியை நிறுத்தி, காசில்லாமல் எடுப்பார். இப்போது அவர் பார்த்ததெல்லாம் முகங்களை மட்டும்தான். அதில் தனக்கு வேண்டிய முகம் இல்லை என்றால் அடுத்த முகம்.

போன் வர ஆரம்பித்தது. மணி அடித்தால் அம்மா கை ஈரத்தோடு ஓடி வருவாள். "எங்க பாத்தாங்களாம்? சாப்பிட்டானாமா?"

ஒரு சைக்கிள் கடைக்காரர் பார்த்தேன் என்றார். போட்டோக்காரர் ஓடினார், இல்லை. ஒரு டிக்கெட் கவுண்டர் அம்மா சத்தியம் பண்ணினார். அங்கேயும் இல்லை. அலைச்சலில் தாடி மண்டி, சட்டை தொங்கி, போட்டோக்காரர் பாதி ஆளாகிவிட்டார். மூன்றாவதாகக் கூப்பிட்டவர் ஒரு பஞ்சர் கடைக்காரர்.

"அந்தக் கண்ண மறக்க முடியுமா சார்! அவரேதான். தோள்ல ஒரு பை, கையில காகிதக் கட்டு. என் கடைச் சுவத்துப் பக்கம் மூஞ்சிய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. பாவம், புத்தி சரியில்ல போல."

போட்டோக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மூலையில் கிடந்த தன் பையையும் காகிதக் கட்டையும் பார்த்தார். அந்தச் சுவரில் சுவரொட்டி ஒட்டியது அவர்தான். சைக்கிள் கடைக்காரரும் டிக்கெட் அம்மாவும் பார்த்ததும் அவரைத்தான். ஊர் ஊராகப் போய், தன்னைக் காணவில்லை என்று தானே ஒட்டிவிட்டு, தன்னைத் தேடித் தானே ஓடியிருக்கிறார். சிரிப்பு வந்தது, அதன் பின்னால் அழுகையும் வந்தது.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. "வேற யாரோம்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, பெரியவனின் அசல் படம் ஒன்றைத் தேடி எடுத்தார். கண் மூடித்தான் இருந்தது. இருக்கட்டும், பொய்க் கண்ணுக்கு மூடின கண்ணே மேல் என்று அதையே புதிதாக அடித்து, பழையதன் மேலேயே ஒட்டிக்கொண்டு வந்தார்.

போன் அடங்கிப்போயிற்று. ஒருநாள் வழியில், இவரிடம் மாட்டுக்குப் படம் எடுத்துக்கொள்ளும் பண்ணைக்காரர் வண்டியை மறித்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேள்விப்பட்டேன் தம்பி. மனசத் தேத்திக்க. மாட்டுக்குக்கூட கெடுதல் நினைக்காதவன்."

"என்னண்ணே சொல்றீங்க? காணோம்னுதானே போட்டிருக்கேன்!"

"எழுத்த யாரு படிச்சா? மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சு போச்சே."

போட்டோக்காரர் மொபெட்டை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார். வாசலில் செருப்புகள் கிடந்தன. பால்காரம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ கிழித்துக்கொண்டு வந்த புதுச் சுவரொட்டி அம்மா மடியில் இருந்தது.

"எப்படா போனான்? பெத்தவகிட்ட மட்டும் ஏண்டா மறைச்ச?"

"அம்மா, அவன் சாகலம்மா! அவன் எப்பவும் கண்ண மூடிக்குவான்ல, உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாதா? அவன் மூடினா மூஞ்சியே சுருங்கும். இதுல பாரு, எப்படி நிம்மதியாத் தூங்குறான்னு."

அவர் வாங்கிப் பார்த்தார். நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை, கண்ணோரத்தில் ஒரு கோடு இல்லை. அத்தனை கவலையிலும் கை தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்திருக்கிறது. எந்தப் படத்தையும் தேய்த்து வழவழப்பாக்காமல் அச்சுக்கு அனுப்பிப் பழகாத கை அது.

உள்ளே ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் அசல் படத்தைத் திறந்து, அம்மாவைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்து அதன் முன்னால் உட்கார வைத்தார். பெரியவன் மூஞ்சியெல்லாம் சுருங்கக் கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றான். "பாரும்மா. இதாம்மா அது. நான்தான் சுருக்கத்த எடுத்துட்டேன். பழக்கதோஷம்மா."

அம்மா அந்தச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"இது உசுரோட இருக்கறப்ப எடுத்தது" என்றாள்.

போட்டோக்காரரிடம் அதற்கு மேல் காட்ட வேறு படம் இல்லை.