மூன்று தண்ணீரில் அலசிய விதை

குன்னத்தூர் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தை உழுது பல வருடமாகிவிட்டது. எனக்குச் சாயப்பட்டறை வேலைக்கே நேரம் சரியாக இருந்தது. ஆனாலும் தினமும் காலையில் போய் மயில்களுக்குச் சோளம் இறைப்பேன். முருகனுக்கே தீனி போடுவதாக நினைப்பு.

பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு முறை வந்து கெஞ்சினார். "ஏனுங்க, நீங்க தீனி போட்டுப் பழக்கி உடறீங்க. அதுங்க எங்க தக்காளியெல்லாம் கொத்தீட்டுப் போகுதுங்க. நிறுத்தீருங்க."

என் நிலம், என் சோளம், உனக்கென்ன என்று எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் சோளம் தீர்ந்துவிட்டது. கொட்டகையில் பழைய மக்காச்சோள விதை ஒரு பை கிடந்தது. பூச்சிமருந்து கலந்த விதை என்று தெரிவதற்காக ரோஸ் நிறம் ஏற்றியிருந்தார்கள். எனக்கோ சாயக்காரன் புத்தி. நிறம் போனால் மருந்தும் போய்விடும் என்று தொட்டியில் போட்டு மூன்று தண்ணீர் அலசினேன். நன்றாக வெளுத்தது. அள்ளி இறைத்தேன்.

மறுநாள் ஒன்பது மயில்கள் செத்துக் கிடந்தன. பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடி, "விஷம் வெச்சுட்டியேடா பாவி!" என்று ஊரே கூடும்படி கத்தினேன். அவர் என்னோடு வந்து பார்த்தார். தொட்டியில் நின்ற ரோஸ் தண்ணீரைக் காட்டினார்.

"சாயம் மட்டுந்தானுங்க போயிருக்குது."

வனத்துறை ஜீப் வரும் சத்தம் கேட்டது. தொட்டியைக் கவிழ்த்துவிட்டேன். என் கத்தலைக் கேட்டிருந்த ஊரே வந்தவர்களிடம் அவரைக் கைகாட்டியது. ஜீப்பில் ஏறும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அவர் தோட்டத்தையும் யாரும் உழுவதில்லை.